பிஸ்கட் சுட்ட புகைபோக்கி

புகையை உண்டாக்குவது புகைபோக்கிதான் என்று நன்கு படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது மிகக் கடுமையான பிழை. உண்டாக்குவது அடுப்பு, புகைபோக்கி வழிவிடுகிறது, அவ்வளவே.

ஒரு பிஸ்கட் ஆலையின் புகைபோக்கியோ இன்னும் ஒரு படி மேலே போய், பிஸ்கட்டையே தான்தான் சுடுவதாக நம்பியது. நாற்பது வருடங்களாக, புகை அதிகமான நாளெல்லாம் லாரிகளும் அதிகமாக வந்திருந்தன.

ஒருநாள் நிலக்கரி அடுப்பை அணைத்துவிட்டு மின்னடுப்பு வைத்தார்கள். அதற்காகக் கூரையில் சோலார் தகடுகளும் வந்தன.

"போச்சு, ஆலையை மூடப்போறாங்க!" என்று புகைபோக்கி அலறியது.

"கீழே பாருங்கண்ணே," என்றது பக்கத்திலிருந்த தகடு. "வழக்கமா தினமும் ஆறேழு லாரிதான் வருமாம். இன்னைக்கு ஒன்பது நிக்குது."

"அது போன மாசம் நான் விட்ட புகையோட பலன், தம்பி."

"அப்போ அடுத்த மாசம்?"

புகைபோக்கி சற்று யோசித்தது. "நான் இல்லாமலே ஓடுதுன்னு தெரிஞ்சா என்னை இடிச்சிடுவாங்களேடா," என்றது மெதுவாக.

அடுத்த மாதம் தினமும் பதினோரு லாரிகள் வந்தன. புகைபோக்கியை யாரும் இடிக்கவில்லை. அதற்கு வெள்ளையடித்து, மேலிருந்து கீழாக 'புகையில்லா பிஸ்கட்' என்று எழுதினார்கள்.