நாற்பது கைகள்

ஆசிரியை ரெமெடியோஸின் பதவி உயர்வு, பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரப் பள்ளியில் அன்று அவள் நடத்தும் மாதிரி வகுப்பைப் பொறுத்திருந்தது. அவளுடைய அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் செவரீனோ, கடைசி வரிசையில் விறைப்பாக அமர்ந்திருந்தார். பக்கத்தில் மதிப்பெண் போட வந்த மேற்பார்வையாளர் லுஸ்விமிண்டா, தேய்ந்த செருப்போடு. எவளோ மீன்காரி மகளாம். கதைக்கும் கருத்துக்கும் வித்தியாசம் தெரியுமா இவளுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

வலையில் சிக்கிய மோதிரத்தை உரியவரிடம் சேர்த்த மீனவனின் கதையை வாசித்து முடித்து, ரெமெடியோஸ் கேட்டாள்: "இந்தக் கதையோட மையக்கருத்து என்ன?"

நாற்பது பிள்ளைகளும் கை தூக்கினார்கள். அவள் கூப்பிட்ட மூன்று பேரும், நேர்மையே பெரிய சொத்து என்று விதவிதமாக விளக்கினார்கள்.

"பார்த்தீங்களாம்மா? எங்க குடும்பத்து வகுப்புல கை தூக்காத பிள்ளையே கிடையாது. என் காலத்துலயும் இப்படித்தான்" என்றார் செவரீனோ.

"நானும் ஒருத்தியைக் கேட்கிறேனே." லுஸ்விமிண்டா ஜன்னலோரச் சிறுமியைக் காட்டினாள். "நீ சொல்லும்மா."

சிறுமி திருதிருவென விழித்தாள். "நான் இடது கையைத்தானே தூக்கினேன், மேடம்! பதில் தெரிஞ்சவங்கதான் வலது கை. இடது கையை மிஸ் கூப்பிட மாட்டாங்க."

ரெமெடியோஸ் முகம் வெளுத்து அப்பாவைப் பார்த்தாள்.

"பொய்!" என்று சீறினார் செவரீனோ. "இந்தப் பித்தலாட்டமெல்லாம் எங்க பரம்பரையிலயே கிடையாது!"

லுஸ்விமிண்டா மதிப்பெண் போடாமலே குறிப்பேட்டை மூடினாள்.

"என்னைத் தெரியலையா சார்? எப்படித் தெரியும்! உங்க ஏழாம் வகுப்புல வருஷம் முழுக்க நான் இடது கையைத்தான் தூக்கினேன்."