மூடும் குறி

கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதன் திரை ஹாலில் மேனேஜர் சுகந்தியின் மேசையில் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே, மற்ற ஃபைல்களைத் தொட முடியாதபடி அடைத்துப் பிரித்த ஒரு மூலையில்தான் இருதயராஜ் ப்ரோகிராம் எழுத வேண்டும். ஆபீசில் அந்த மூலைக்குக் கொட்டடி என்று பெயர். பின்னறையில் அவனுக்குக் கொடுத்திருந்த திரையில் வெறும் எழுத்துதான் ஓடும். அவன் செய்யும் ப்ரோகிராம் ஜன்னல்கள் சுகந்தியின் திரையில்தான் திறக்கும். கான்ட்ராக்டில் சேர்ந்த நாளிலிருந்து அவற்றில் ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை.

"பட்டன் கோணலா இருக்கு," என்றாள் சுகந்தி போனில். "கண்ணத் தொறந்து வேல பாருங்க, ராஜ்."

"ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன் மேடம்."

"இதுல எங்க ஃபைலெல்லாம் இருக்கு. வெளியாளுக்குக் காட்ட முடியாது."

"அது நான் செஞ்ச பட்டன் மேடம்."

"அதான் கோணலா இருக்கு."

அவளுக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இருதயராஜ் பட்டனை நேராக்கினான். பிறகு ஜன்னலைத் திரை முழுக்க விரித்து, வேறெதுவும் அதன்மேல் வராதபடி செய்தான். ஜன்னலின் மேல் ஓரத்தில் இருந்த X என்ற மூடும் குறியை எடுத்துவிட்டு ஓடவிட்டான்.

போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காலடிகள் பின்னறைக் கதவருகே வந்து நின்றன.

"வெளிய வாங்க," என்றாள் சுகந்தி. "வந்து என் திரையில அத மூடித் தொலைங்க."

அவன் கண்ணாடியைக் கழற்றி, அவசரப்படாமல் துடைத்தான்.