நாற்பத்தொன்றாவது பரிந்துரை

"அந்த பிளம்பருக்குப் போய் விருதாம்."

டேமியன் செய்தித்தாளை மேசை மேல் வீசினான். ஆஸ்திரேலியா தினத்தன்று எங்கள் நகராட்சி கொடுக்கும் 'ஊரின் சிறந்த மனிதர்' விருது இந்த முறை மெர்வுக்கு. முதல் பக்கத்தில், தன் தகரப் படகின் மேல் கை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார் அவர்.

"நல்ல மனுஷன்தானே? வெள்ளத்துல இருபத்தாறு பேரைக் கூரையில இருந்து இறக்கிக் கூட்டிட்டு வந்தாரு," என்றாள் அவன் மனைவி டீகன்.

"யாரு எந்தக் கூரையில இருக்காங்கன்னு சொன்னது யாரு?"

டீகன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள். பத்து மாதமாகக் கேட்கிற கேள்வி இது.

டேமியன் புரோகிராமர். போன மார்ச்சில் ஆறு ஊருக்குள் புகுந்த காலையில், மேட்டுத் தெருவில் இருக்கும் தன் வீட்டில் உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் ஒரு இணையப் பக்கம் எழுதிப் போட்டான். தண்ணீரில் மாட்டிக்கொண்டவர்கள் பெயரையும் முகவரியையும் போட்டால் வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். மீட்ட பிறகு அது பச்சையாகிவிடும்.

நல்ல வேலைதான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. அதே நேரம், எடுத்துச் சொன்னவர்களும் யாருமில்லை. தண்ணீர் வடிந்ததும் பப்பில் எல்லோரும் மெர்வுக்கு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். பேக்கரியில் அவருக்குக் கறி அடைத்த மீட் பை இலவசம். டேமியனைப் பார்த்தால், "எங்க பிரிண்டர் மறுபடியும் மக்கர் பண்ணுது, வந்து பாக்குறியா?" என்றார்கள்.

அவனுக்கு வயிறு எரிந்தது. மெர்வின் வேன் எதிரே வந்தால் கையசைக்க மாட்டான். குனிந்து ரேடியோவைத் திருகுவான்.

"டாக்டர்னா தெரியுது, தீயணைக்கிறவன்னா தெரியுது. புரோகிராமர்னா ஏதோ உக்காந்து தட்டிக்கிட்டு இருக்கிறவன். நாங்க இல்லன்னா இந்த ஊர்ல ஒரு சிக்னல் எரியுமா?"

"இந்த ஊர்ல சிக்னலே கிடையாது, டேமியன்."

"பேச்சுக்குச் சொன்னேன். நாப்பது பேரு எனக்காகப் பரிந்துரை அனுப்பியிருக்காங்க. அதுக்கப்புறமும் அவருக்குக் கொடுத்திருக்காங்கன்னா, ஏதோ உள்ளடி வேலை நடந்திருக்கு."

"நாப்பதுன்னு உனக்கு யாரு சொன்னா?"

"கேள்விப்பட்டேன்," என்றபடி கார் சாவியை எடுத்தான்.

நகராட்சியில் பரிந்துரைகளை வாங்கிக் கமிட்டிக்கு அனுப்புகிறவர் லொரைன். முப்பது வருடமாக அதே நாற்காலி. ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பது அவருக்கு மனப்பாடம்.

"எனக்கு எத்தனை பரிந்துரை வந்துச்சு, லொரைன்?"

"நாப்பத்தொண்ணு."

ஒன்று கூடுதலாக வந்ததில் அவனுக்கே ஆச்சரியம். "மெர்வுக்கு?"

"ஒம்பது."

"நீங்களே சொல்லுங்க, இது நியாயமா? நான் சும்மா விடப்போறதில்ல. பத்திரிகைக்கு எழுதுவேன்."

லொரைன் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவா தெரியாதுப்பா. மணி பாக்கத் தெரியும். நவம்பர் எட்டாம் தேதி, காலையில ஒம்பது பதினாலு. அதுல நாப்பது ஒரே நொடியில வந்திருக்கு."

ஒவ்வொன்றுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் விட்டு அனுப்பும்படி புரோகிராமை எழுதியிருக்கலாமே என்றுதான் டேமியனுக்கு முதலில் தோன்றியது. தொழில் புத்தி.

"பேரெல்லாம் உன் வெள்ளப் பக்கத்துல பதிஞ்சவங்க பேரு. உயிருக்குப் பயந்து கொடுத்த பேரு," என்றார் லொரைன். "அதுல எட்னா வீலர் ஆகஸ்ட்லயே தவறிட்டாங்க. நீ கவனிச்சிருக்க மாட்ட. நான் அடக்கத்துக்குப் போயிருந்தேன்."

அவன் காது மடல்கள் சிவந்தன. "கமிட்டிக்கு இது தெரியுமா?"

"பொய்ப் பரிந்துரை வந்தா அந்த ஆளையே போட்டியில இருந்து எடுத்துடணும். அதான் விதி. எடுத்துட்டேன். ஆனா நீயே வேண்டாம்னு ஒதுங்கிட்டதா சொல்லி வச்சிருக்கேன். உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது."

"தேங்க்ஸ்," என்றான். எழுந்து கதவு வரை போனவன் நின்றான்.

"நாப்பத்தொண்ணுன்னு சொன்னீங்களே. அந்த இன்னொண்ணு?"

"அது நெஜம். நீ சும்மா இருந்திருந்தா அது ஒண்ணே போதும், விருது உனக்குத்தான் வந்திருக்கும்."

இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கோடு போட்ட தாள். பென்சிலால் கோணல்மாணலாக எழுதியிருந்தது.

'அன்னிக்குப் படகு ஓட்டத் தெரிஞ்சவங்க இந்த ஊர்ல பத்துப் பேர் இருந்தோம். எந்தப் பக்கம் ஓட்டணும்னு ஒருத்தருக்கும் தெரியல. டேமியன் போட்ட சிவப்புப் புள்ளியைப் பாத்துத்தான் ஒவ்வொரு வீடாப் போனோம். மத்தவங்க கண்ணுக்குப் படகு மட்டும்தான் தெரிஞ்சுது. இந்த விருது அந்தப் பையனுக்குத்தான் சேரணும்.'

கீழே, பிளம்பர் மெர்வின் கையெழுத்து.