ஆப்ப சோடாவும் பெயின்ட் டப்பாவும்

ஆயுத பூஜைக்கு முதல் நாள். பைக்கின் பேட்டரியிலிருந்து வழிந்த ஆசிட், அடியிலிருந்த இரும்பை அரித்து வெள்ளையாகப் பூத்திருந்தது. கனகவல்லி புது பேட்டரியோடு வந்தாள்.

“நான் ஒரு கோட் ஏறினால் போதும்,” என்றது பெயின்ட் டப்பா.

அடுக்களையிலிருந்து வந்த ஆப்ப சோடாவுக்கு எரிச்சல். “போன வருஷமும் நீதான் ஏறினாய். பொங்கலுக்குள் உரிந்துவிட்டாய்.”

“ஆப்பத்துக்குப் போகிற உனக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும்?”

சோடா தண்ணீரில் கரைந்து ஆசிட்மேல் பாய்ந்தது. புஸ்ஸென்று பொங்கியது. நுரை அடங்கும்வரை விடவில்லை. கனகவல்லி தேய்த்துக் கழுவியதும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது.

“இப்போது ஏறு,” என்றது சோடா.

அடுத்த ஆயுத பூஜையன்று பெயின்ட் டப்பாவுக்குப் பொட்டு வைத்தார்கள். பைக்கில் பூசிய பெயின்ட் உரியவே இல்லை; மூடியை யாரும் திறக்கவில்லை. அடுக்களையில் ஆப்பம் பொங்கிக்கொண்டிருந்தது.