ஓடும் வண்டியில் உறங்கும் சிப்

“மனுஷ வரலாற்றையே இனிமே ரெண்டாப் பிரிப்பாங்க மேடம். இந்தச் சிப்புக்கு முன்னாடி, இந்தச் சிப்புக்குப் பின்னாடி!” என்று முழங்கினார் இயக்குநர். ஒரு கை மேலே இருந்த பிடியைப் பற்றியிருந்ததால், மறு கையால் மட்டுமே வரலாற்றைப் பிரிக்க முடிந்தது.

சோதனை வண்டியின் பின்பக்கத்தில் மூன்று பேர். இயக்குநர், சிப்பை வாங்க வந்திருந்த போன் கம்பெனி அம்மாள், மூன்று வருடமாக ஒழுங்காகத் தூங்காத வடிவமைப்பாளன். திரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். டிரைவர் பக்கத்துத் தடுப்பைத் தட்டி இயக்குநர் “போலாம்ப்பா!” என்று கத்தி நேரமாகிவிட்டது. வண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. வடிவமைப்பாளனும்தான்.

இன்று சிப் சொதப்பினால் நாளை அவனுடைய குழுவையே கலைத்துவிடுவார்கள்.

“லேப்ல எல்லாரும்தான் சாதிச்சுக் காட்டுறாங்க. ரோட்டுக்கு வந்தா பல்லிளிக்குது. அதான் ஓடுற வண்டியில காட்டச் சொன்னேன்,” என்றார் அம்மாள். “எங்க, சுருக்கமா சொல்லுங்க. இது என்ன பண்ணும்?”

“போன் நகர நகர, சிக்னல் வர்ற பாதை மாறிக்கிட்டே இருக்கும் மேடம். சுவத்துல மோதும், லாரியில மோதும், கோணலாத்தான் வந்து சேரும். எவ்வளவு கோணல்னு கணிச்சு நிமித்தணும். மத்த சிப்பெல்லாம் ஓயாம கணிச்சுக்கிட்டே இருக்கும், பேட்டரி காலி. இது பாதை மாறினா மட்டும் கண்ணைத் திறக்கும். இல்லைன்னா தூங்கிடும்,” என்றான் வடிவமைப்பாளன்.

“பெத்தவனை உரிச்சு வச்சிருக்கு,” என்று சிரித்தார் இயக்குநர். “இவனுக்கு ஆபீஸ்ல தூங்குமூஞ்சின்னுதான் பேரு!”

வடிவமைப்பாளன் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டுமே. லேப் மேசையில் சமர்த்தாகத் தூங்கும் சிப், தெருவுக்கு வந்தால் பச்சைக் குழந்தை மாதிரி நொடிக்கொரு தரம் விழித்துப் பேட்டரியை உறிஞ்சித் தீர்க்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இதே கதை. கடைசியாக ஒரு திருத்தம் செய்திருந்தான். அதன் மேல் அவனுக்கே நம்பிக்கை கிடையாது.

திரையைப் பார்த்தான். மின்செலவைக் காட்டும் கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அசையவில்லை.

“சார்... தூங்குது சார்!” என்றான்.

“ஓடுற வண்டியிலயா?” அம்மாள் திரைப் பக்கம் குனிந்தார்.

“கெட்டியாப் பிடிச்சுக்குங்க மேடம், இப்ப பாலத்துல ஏறிட்டிருக்கோம்னு நினைக்கிறேன்,” என்றார் இயக்குநர். “பாலத்துலயே இந்தத் தூக்கம்னா பாத்துக்குங்க!”

அம்மாள் அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஒப்பந்தத்தை மடியில் வைத்து, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டார். ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

இயக்குநர் வடிவமைப்பாளனை இழுத்துக் கட்டிக்கொண்டார். “அந்தத் திருத்தத்துக்கு ஐடியா குடுத்தது யாரு? நான்தானேப்பா?” என்று காதோடு கேட்டார்.

“நீங்கதான் சார்,” என்றான் அவன். மல்லுக்கு நிற்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. வேலை பிழைத்தது, குழு பிழைத்தது. வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும்.

அப்போது, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்கதவு திறந்தது.

பளீரென்ற வெயிலில், வாயைத் துடைத்தபடி டிரைவர் நின்றார்.

“ஏசி குளுகுளுன்னு இருக்கட்டும்னு வண்டியை ஆன்ல விட்டுட்டு டீ குடிக்கப் போனேன் சார், கொஞ்சம் லேட்டாயிருச்சு. கோவிச்சுக்காதீங்க... இப்பக் கிளம்பலாமா?”