யாரோ முழுகிய மிச்சம்

போத்திலில் பாதிதான் இருந்தது.

இரஞ்சிதம் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே முத்து நிறத்தில் ஏதோ சோம்பலாகச் சரிந்து இறங்கியது. மூடியைத் திறந்ததும் பெயர் தெரியாத ஒரு பூவின் வாசம் அறையெல்லாம் பரவியது. நெடுந்தீவில் அப்படி ஒரு பூ பூப்பதில்லை.

அவளுடைய கணவன் பரமலிங்கத்துக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. லீவில் அன்று மத்தியானம்தான் லோஞ்சில் கடல் கடந்து வந்து இறங்கியிருந்தான். அவன் பைக்குள், உடுப்புகளுக்கு நடுவில், பேப்பரில் சுற்றிக் கிடந்தது அந்த ஷாம்பூ.

"இது ஆற்றை ஷாம்பூ?"

"உமக்குத்தான் வாங்கினனான்."

"எனக்கு வாங்கினதிலை பாதியைக் காணேல்லை?"

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி மற்றப் பக்கம் திரும்பினான்.

"வரேக்கை ஊத்துண்டு போச்சு."

சுற்றியிருந்த பேப்பர் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. உடுப்புகளில் ஒரு துளி ஈரம் இல்லை.

அவள் போத்திலில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். உலர்ந்த தலைமுடிக்கு என்று இங்கிலிசில் போட்டிருந்தது.

அவளுடையதும் உலர்ந்த தலைதான். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கிணற்று உவர்த்தண்ணீர் முடியைத் தும்பாக்கிவிட்டது. சவுக்காரம் அதில் நுரைக்காது. திரைந்துபோய்த் தலையில் பிசின் மாதிரி ஒட்டும். தேசிக்காய் தேய்த்தால் எரியும். சொறிந்து சொறிந்து மண்டையெல்லாம் புண். சீப்போடு வரும் முடியைச் சுருட்டிக்கொண்டு அவனுக்கு முன்னாலேயே அழுதிருக்கிறாள்.

ஆனால் இது யாரோ முழுகிய மிச்சம். கொழும்பில் வேறொருத்திக்கும் இதே மாதிரித் தலை.

அன்றிலிருந்து அந்த வேறொருத்தி இரஞ்சிதத்தோடு குடியிருக்கத் தொடங்கினாள்.

மாட்டுக்குத் தண்ணீர் வைக்கையில் வந்தாள். பின்னேர வெயிலில் கல்வேலி ஓரமாக நடக்கையில் கூடவே நடந்தாள். முதலில் வாசம் மட்டும். பிறகு கழுத்து. பிறகு முதுகை மூடிய ஈரக் கூந்தல். கொழும்பில் குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் கொட்டுமாம். அதன் கீழே அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நுரை தோளால் வழிந்து, காலடியில் சின்னச் சின்ன மேகமாய் ஒதுங்கியது. வாசலில் பரமலிங்கம் துவாயோடு நின்றான்.

எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அவளுடைய முகம் மட்டும் தெரியவில்லை.

"ஏன் ஒண்டும் கதைக்கிறீர் இல்லை?" என்றான் பரமலிங்கம்.

"கதைக்க என்ன இருக்கு?"

"அந்த ஷாம்பூவைப் போட்டுப் பாத்தீரோ?"

"இல்லை."

"ஒருக்காப் போட்டுப் பாருமன்."

கெஞ்சுவது போலக் கேட்டான். அந்தக் குரல்தான் அவளை இன்னும் சுட்டது.

வெள்ளிக்கிழமை, வாறது வரட்டும் என்று போத்திலோடு கிணற்றடிக்குப் போனாள். கையில் ஊற்றித் தலையில் வைத்துத் தேய்த்தாள்.

நுரைத்தது.

அந்த உவர்த்தண்ணீரில் நுரைத்தது. விரலிடுக்கெல்லாம் பொங்கி வழிந்தது. புண்ணில் பட்டும் எரியவில்லை. குளிர்ந்தது. முடி வழுக்கிக்கொண்டு கைக்குள்ளால் ஓடியது. ஒரு நிமிசம் அவள் எல்லாவற்றையும் மறந்து, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

பிறகு கிணற்றுக்கட்டில் சாய்ந்து அழுதாள். எவளோ தன் தலைக்கென்று பார்த்துப் பார்த்து எடுத்தது தனக்கு இவ்வளவு பொருந்துகிறதே.

அடுத்த நாள் சுருவில் ஊர்க்காரர் வைத்திலிங்கம் வந்தார். கொழும்பில் பரமலிங்கத்தோடு ஒரே அறையில் இருப்பவர். நெடுந்தீவில் உறவினர் வீட்டுக்கு வந்த கையோடு இங்கும் எட்டிப் பார்த்தார். பரமலிங்கம் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தான்.

இரஞ்சிதம் தேத்தண்ணிப் பேணியைக் கொடுத்துவிட்டு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லவேணும். கொழும்பிலை இவரோடை பழகிற பொம்பிளை ஆர்?"

வாய்க்குக் கொண்டுபோன பேணி அந்தரத்தில் நின்றது.

"உமக்கு ஆர் பிள்ளை உப்பிடிச் சொன்னது?"

அவள் போத்திலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"இதிலை பாதிக்கு முழுகினது ஆர்?"

வைத்திலிங்கம் போத்திலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேணியைக் கீழே வைத்தார்.

"உதிலை முழுகின ஆளை எனக்கு நல்லாத் தெரியும். உது மட்டுமே? கடை கடையாய்ப் போய், உலர்ந்த தலை, புண் மண்டை எண்டு சொல்லிச் சொல்லி எத்தினை போத்தில் வாங்கினது. பொடுகுக்கு எண்டு ஒண்டு. குழந்தையளுக்கு எண்டு ஒண்டு. ஒண்டு போட்டு மண்டை கொப்பளிச்சு, கந்தோருக்கும் போகேலாமல் கிடந்தது. கடைசியாய்த்தான் உது சரிவந்தது."

"ஆர் அண்ணை அது?"

"உம்மடை மனிசன்தான்."

இரஞ்சிதத்துக்கு விளங்கவில்லை.

"அவருக்கு ஏன் உது? கொழும்புத் தண்ணியிலை எந்தச் சவுக்காரமும் நுரைக்கும் எண்டு அவரே சொல்லுறவர்."

"நானும் அதைத்தான் கேட்டனான். உமக்குச் சொன்னால் சிரிப்பீராம், சொல்லவேண்டாம் எண்டவன்."

வைத்திலிங்கம் குரலைத் தணித்தார்.

"வாளித் தண்ணிக்குள்ளை உப்பைக் கொட்டிக் கரைச்சான். நாக்கிலை வைச்சுப் பாத்தான். 'காணாது, எங்கட வீட்டுக் கிணறு இதிலும் உப்பு' எண்டு சொல்லி இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டிட்டுத்தான், பிள்ளை, தலையிலை ஊத்தினவன்."