ஐந்தாவது துண்டு

"இது யாருக்கு?" என்று கேட்டாள் ஹெண்டல்.

ஃப்ரூமா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். ரொட்டி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"பேஷா அத்தைக்கு."

ஐந்து பேருக்கு ஒரு ரொட்டி. ஹெண்டல் அறுப்பாள். எந்தத் துண்டு யாருக்கு என்பதை முதுகைக் காட்டி நிற்பவள் சொல்வாள். ஒன்பது வயதுப் பிள்ளை பார்க்காமல் சொன்ன பெயரை யாரும் குறை சொல்ல முடியாது. அப்படித்தான் அந்தப் படுக்கையில் சண்டை வராமல் இருந்தது.

கத்தி வைத்துக்கொள்ள முகாமில் அனுமதி இல்லை. தார்னோவ் ஊரில் நாடாக் கடை வைத்திருந்தவள் ஹெண்டல். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை இழுத்து அறுப்பாள்.

"திரும்பிப் பாக்காதடி, ரொட்டி வெக்கப்படும்," என்றாள் மிண்டா.

தினமும் சொல்வதுதான். தினமும் யாராவது ஒருத்தி சிரிப்பாள். இன்று யாரும் சிரிக்கவில்லை.

"இது?"

"மிண்டா அத்தைக்கு."

சுவர்ப் பலகையில் ஒரு மரக்கணு இருந்தது. ஃப்ரூமா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா இன்று விடிவதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். அது ஃப்ரூமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

தூக்கத்தில் தன்மேல் கிடந்த அம்மாவின் கை கனத்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். போர்வையை அம்மாவின் தலைவரை இழுத்து, அதன்மேல் யூதர் என்று காட்டும் மஞ்சள் நட்சத்திரம் தைத்த கோட்டை முகம் மறையப் போட்டாள். காற்று வரட்டும் என்று அம்மா வாசல் பக்கம்தான் தலைவைத்துப் படுப்பாள். அப்படியே விட்டாள்.

அழுகை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் நினைவில் இருந்தது. தெரிந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஒரு துண்டு நின்றுவிடும். தெரியாதவரை அம்மாவுக்கும் ரொட்டி உண்டு.

காலைக் கணக்கெடுப்புக்கு எல்லாரையும் வெளியே துரத்துமுன், படுத்திருக்கும் நோயாளிகளை எண்ண கொட்டடித் தலைவி தடியோடு வந்தாள். ஹெண்டல் முந்திக்கொண்டு, அது டைஃபஸ் காய்ச்சல், கிட்டப் போனால் ஒட்டிக்கொள்ளும் என்றாள். தலைவி தூரத்தில் நின்றே எண்ணிவிட்டுப் போனாள்.

நல்லவேளை, ஹெண்டல் அத்தை தொட்டுப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள் ஃப்ரூமா.

மதியம் மிண்டா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. மிண்டாவுக்கு வாயில் எப்போதும் சமையல்தான். கெண்டை மீனுக்கு எத்தனை வெங்காயம், மாவுக்கு எத்தனை முட்டை. ஃப்ரூமா அவள் கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவை அம்மாவைத் தொட்டுவிடக் கூடாது.

பிறகு ரொட்டி வாங்கிவர ஃப்ரூமாவைப் பேஷாவோடு அனுப்பினாள் ஹெண்டல். வரிசை நீளமாக இருந்தது. திரும்பி வந்ததும் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள்.

"இது?"

"உங்களுக்கு."

"இது?"

"எனக்கு."

இன்னும் ஒன்று இருந்தது. அம்மா பெயரை எப்போதும் கடைசியில்தான் சொல்வாள். நாம் முந்திக்கொண்டோம் என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது என்பாள் அம்மா.

"இது யாருக்கு?"

ஃப்ரூமாவின் வாயிலிருந்து பொய் வெளியே வரவில்லை.

"சொல்லு கண்ணு. ஒண்ணுதான் மிச்சம்."

"அம்மாவுக்கு."

ஹெண்டல் இரண்டு துண்டுகளையும் அவள் கையில் வைத்தாள். அம்மா தூங்கட்டும், எழுந்ததும் கொடு என்றாள்.

தப்பித்துவிட்டோம் என்று தோன்றியது. அதில் சந்தோஷம் எதுவும் இல்லை.

மூவரும் பார்ப்பார்களே என்று, ரொட்டியை அம்மாவின் வாயருகே வைப்பதற்காக வாசல் பக்கம் குனிந்து, கோட்டுக்கு அடியில் கையை விட்டாள்.

முகம் இல்லை. கந்தல் துணி கைக்குத் தட்டுப்பட்டது. அம்மாவின் பாதங்களுக்கு அவளே சுற்றிக்கட்டிய துணி. அவள் போட்ட முடிச்சு.

வீட்டில் தாத்தா இறந்த அன்று, வந்த பெண்கள் வேறு எதையும் செய்யுமுன் அவரைத் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்தார்கள். கால்கள் வாசலைப் பார்த்து இருக்க வேண்டும் என்றார்கள். உயிரோடிருப்பவர்களை யாரும் அப்படிப் படுக்கவைக்க மாட்டார்கள்.

தாத்தாவின் பக்கத்தில் இரவும் பகலும் யாராவது ஒருவர் உட்கார்ந்தே இருந்தார்கள். அவர்கள் உதடுகளும் பிரார்த்தனையில் அசைந்துகொண்டே இருந்தன.

ஃப்ரூமா நிமிர்ந்து பார்த்தாள்.

மூன்று பெண்களும் தலையைக் குனிந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தார்கள். ஒருத்திகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் கோட்டை இழுத்து அந்தப் பாதங்களை மூடினாள்.

பிறகு உட்கார்ந்து, முதலில் தன் துண்டைத் தின்றாள்.